முந்தானையில் முடிந்த பிளக்

பொன்னாயி டீச்சர் இறந்துபோன செய்தி வந்தபோது என் முந்தானையில் ஒரு பிளக்கை முடிந்து வைத்திருந்தேன். பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. வாசலில் மாட்ட எடுத்த சீரியல் செட்டில் பாதி எரியவில்லை என்று அதை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பல்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். “பொன்னாயி போயிருச்சுங்க டீச்சர்” என்றார். முடிச்சு அவிழாமல் இருக்கிறதா என்று முந்தானையைத்தான் தடவிப் பார்த்தேன். அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது.

மலைமேல் தேவனூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களும், அவரிடம் ஒன்றாம் வகுப்பு படித்த பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவரை நான் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் எவ்வளவு பயப்படுவார் என்பது ஊருக்கே தெரியும். இடி இடித்தால் வகுப்பை விட்டு வெளியே வரமாட்டார். பல்லி விழுந்த பெஞ்சில் அன்று முழுக்க உட்காரமாட்டார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் பஸ்ஸில் கீழே இறங்கும்போது எழுபது வளைவும் முடிகிறவரை கண்ணைத் திறக்கமாட்டார். பக்கத்தில் உட்காருகிறவர்கள் “வந்துருச்சுங்க டீச்சர்” என்று சொன்ன பிறகுதான் திறப்பார். நாங்கள் சில சமயம் பாதி வழியிலேயே அப்படிச் சொல்லி அவரை ஏமாற்றியிருக்கிறோம். எனக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு.

அப்படிப்பட்டவர் கரண்ட் சாமானில் கை வைத்தார் என்பதுதான் வேடிக்கை. சைனாவிலிருந்து வந்த எல்.இ.டி. சீரியல் செட்டுகள் மலைக்கு ஏறிய புதிது. பழைய சீரியல் செட் மாதிரி சூடாகாது, பளிச்சென்று எரியும், விலையும் குறைவு. ஆனால் எங்கள் பனிக்கு அவை தாங்கவில்லை. பத்து நாளில் பாதி எரியும், பாதி எரியாது. வாங்கின கடையில் கேட்டால் கையை விரித்தார்கள். பொன்னாயி டீச்சருக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. தன் வீட்டுச் செட்டைத் தானே பிரித்துப் பார்த்துச் சரி செய்தார். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் தங்கள் செட்டுகளைக் கொண்டுவந்து அவர் வீட்டில் குவிக்க ஆரம்பித்தார்கள்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். நல்ல வெளிச்சம் இருக்கும் பகலில்தான் உட்காருவார். மழை என்றால் அன்று வேலை கிடையாது. காய்ந்த சாக்கை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் ரப்பர் செருப்புக் காலோடு உட்காருவார். முதல் காரியமாகச் செட்டின் பிளக்கைத் தன் முந்தானையில் வைத்து இறுக்கி ஒரு முடிச்சுப் போடுவார். பக்கத்தில் வேறு ஆளே இல்லையென்றாலும் போடுவார். அதற்கப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்பு பல்பாகப் பார்ப்பார். எரியாத பகுதியில் ஏதாவது ஒரு பல்பின் கால் பச்சைப் பாசி பிடித்த மாதிரி களிம்பேறி இருக்கும். அதைக் கழற்றிச் சுரண்டி மாட்டுவார். அதற்கும் சரியாகவில்லையென்றால், செத்துப்போன பழைய செட்டிலிருந்து நல்ல பல்பு ஒன்றைக் கழற்றி அங்கே வைப்பார். எரிகிறதா என்று சோதிக்க வேண்டிய நேரம் வந்ததும் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மறு கையால் பிளக்கைச் செருகுவார். அப்போது அவர் உதடு எதையோ முணுமுணுக்கும். சாமி பேராக இருக்கும்.

மற்றவர்கள் இப்படி மெனக்கெடமாட்டார்கள். எரியாத பல்பை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி விடுவார்கள். எரிந்துவிடும். அது அவருக்குப் பிடிக்காது. “ஒண்ண எடுத்தா அந்தப் பாரம் மத்ததுக்குப் போவுதுங்க. ஒண்ணொண்ணா எல்லாம் போயிரும். எடுத்த எடத்துல ஒண்ணு வெக்கோணும்” என்பார். இதைக் கேட்டு நாங்கள் சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து அவரைக் கிண்டல் செய்திருக்கிறோம். கட்டைவிரல் நகம் அளவு பல்பு, அதுக்குப்போய் இந்தப் பாடா என்று. அவ்வளவு சிறிய பல்புக்கு வருவதும் சிறிய கரண்ட்டாகத்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். டீச்சர்கள் என்று பேர்.

இனி எழுதப்போவது எங்கள் வீட்டில் நடந்தது.

என் மகள் தேன்மொழிக்குக் காது குத்த ஆனி மாதத்தில் நாள் பார்த்திருந்தோம். அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது, பொன்னாயி டீச்சரின் வகுப்பில்தான் இருந்தாள். அப்போது நாங்கள் மலையில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். கீழேயிருந்து என் அண்ணன், அண்ணி, பெரியம்மா எல்லோரும் முதல் நாளே வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு சீரியல் செட் வாங்கிவந்திருந்தார். பிரித்து மாட்டினால் ஒன்றில் பாதி எரியவில்லை. அவர் அவசரக்காரர். ஒரு பல்பை வெட்டி வீசிவிட்டு வயரை முறுக்கினார். சுற்றுவதற்குக் கருப்பு டேப் இல்லை. டேப் வாங்க மலையை விட்டு இறங்க வேண்டும். கொல்லையில் பலா மரம் இருந்தது. ஒரு காம்பைக் கீறிப் பலாப்பாலை எடுத்துத் துணிக்கிழிசலில் தோய்த்து முறுக்கின இடத்தில் சுற்றிவிட்டார். மலையில் ஒழுகும் குடம், விரிந்த பலகை, கிழிந்த செருப்பு எல்லாவற்றுக்கும் பலாப்பால்தான். பழைய சீரியல் செட்டுகளுக்கும் பலர் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறோம். அடுப்புக்கு மேலே நாலு நாள் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள். இவருக்கு நாலு மணி நேரம்கூட இல்லை. செட்டை அப்படியே கொண்டுபோய்த் துணி காயப்போடும் கம்பியில் சுற்றிவிட்டார். அந்தக் கம்பியின் ஒரு முனை பலா மரத்தில், மறு முனை எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் தேங்காய் துருவிக் கொடுக்க வந்த பொன்னாயி டீச்சர் அதைப் பார்த்தார். துணிச்சுற்றைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு, செட்டைக் கழற்றிக் கொடுத்தால் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சரி பண்ணிக் காலையில் கொண்டுவருவதாகச் சொன்னார். ஈரப் பலாப்பால் ஆகாது என்றார். என் சொந்தக்காரர்கள் முன்னால் என் வீட்டுக்காரரின் வேலையைக் குறை சொன்னது எனக்குச் சுருக்கென்றது. “எங்க பள்ளிக்கூடத்துப் பயந்தாங்கொள்ளி இவங்கதான்” என்று அண்ணியிடம் அறிமுகப்படுத்தினேன். பஸ்ஸில் கண்ணை மூடுகிற கதையையும் சேர்த்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். துருவின தேங்காயை மூடி வைத்துவிட்டு, “வாரேனுங்க” என்று சொல்லிப் போனார்.

மறுநாள் காலை பனி வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. தரையெல்லாம் சொதசொதவென்று நனைந்திருந்தது. செட்டை அணைத்திருந்தோம். எல்லோரும் வீட்டுக்குள் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசலில் பொன்னாயி டீச்சர் நின்றார். உள்ளே வரவில்லை.

“ஏனுங்க டீச்சர், பிளக்கைப் புடுங்கியாச்சுங்களா?”

சுவிட்சை அணைத்தாகிவிட்டது, காலையில் வந்ததும் வராததுமாக இதென்ன கேள்வி என்று எரிச்சலோடு சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்தார். செருப்பைக் கழற்றாமல் துணிக்கம்பிக்குப் பக்கத்தில் போனார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டெஸ்டரின் நுனியைக் கம்பியில் வைத்தார். பகல் வெளிச்சத்தில் தெரியாதே என்று தலையைச் சாய்த்து முகத்தால் மறைத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அணைத்த செட்டில் கரண்ட் எப்படி வந்தது என்று பிறகுதான் விளங்கியது. வயரிங் செய்தவர் கரண்ட் வரும் வயரில் வைக்க வேண்டிய சுவிட்சைத் திரும்பிப் போகும் வயரில் மாற்றிக் கொடுத்திருந்தார். அணைத்தால் வெளிச்சம்தான் போகும், கரண்ட் செட்டுக்குள் வந்து நின்றுகொண்டுதான் இருக்கும். ஈரப் பலாப்பால் வழியாக அது துணிக்கம்பிக்கு இறங்கியிருந்தது. துணிக்கம்பியிலிருந்து ஜன்னலுக்கும் போயிருந்தது.

அந்த நேரத்தில் கொல்லைப்பக்கமிருந்து தேன்மொழி வந்தாள். குளித்த தலை, வெறுங்கால், பாவாடை ஈரம் சொட்டியது. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பாள். மாமா உள்ளே இருந்தார். அவள் ஜன்னலை நோக்கித்தான் போனாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றவள் நான், என் வாய் திறக்கவில்லை, கால் நகரவில்லை. பயத்தில் ஆள் கல்லாகிப்போவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொன்னாயி டீச்சர் கத்தவில்லை. ஓடவும் இல்லை. ஓடினால் பிள்ளை விளையாட்டென்று நினைத்து அவளும் ஓடுவாள் என்று அவருக்குத் தெரியும். வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னார்.

“தேன்மொழி. கையைக் கட்டு சாமி. அங்கயே நில்லு.”

பிள்ளை நின்றது. ஜன்னலுக்கு ஒரு எட்டுத் தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றாம் வகுப்பில் நிற்கிற மாதிரி நின்றது. அவர் அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். வெளியே வந்து மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான், “போ கண்ணு, உள்ள மாமன்கிட்டப் போ” என்றார்.

அவள் உள்ளே போனதும் அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். பிளக் அவர் கையிலேயே இருந்தது. அதை முந்தானையில் முடியப் பார்த்தார், முடிச்சு விழவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்தேன். டம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை, நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“நான் பயந்தாங்கொள்ளிதானுங்க டீச்சர். பயப்படாதவங்க ஊட்டுக்கு வந்தாத்தான் எனக்கு ரொம்பப் பயமா இருக்குது.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. காது குத்தி, விருந்து முடிகிறவரை இருந்து, அந்தச் செட்டைப் பையில் சுருட்டி எடுத்துப்போனார். அடுத்த வாரம் வெட்டின இடத்தில் புதுப் பல்பு வைத்து, டேப் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று இருந்து, மாற்றலாகிக் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்கே வந்துவிட்டேன். அவரும் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். மூன்று நாள் காய்ச்சலாம். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஜீப் பிடித்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே சொன்னார்: “மொத வளவுலயே கண்ண மூடிக்கிச்சுங்க. வளவுன்னா அதுக்கு எப்பவும் அப்படித்தானேன்னு நானும் உட்டுட்டேன். கீழ வந்து, வந்துருச்சு பொன்னாயின்னு சொன்னேன். தொறக்கலீங்க.”

எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. “வந்துருச்சுங்க டீச்சர்” என்று எத்தனை தடவை பொய்யாகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அவருடைய டெஸ்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம், அது அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர வேண்டியது ஏற்கெனவே வந்துவிட்டது. அவருடைய பயம் முழுதாக என்னிடம் இருக்கிறது. காய்ந்த சாக்கும் ரப்பர் செருப்பும் முதுகுக்குப் பின்னால் ஒரு கையும் இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை. வெளியே கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து பிளக்கைப் பார்க்கிறேன்.

துக்க வீட்டிலிருந்து வந்த மறுநாள் அந்தப் பாதிச் செட்டை மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். பிளக்கை முந்தானையில் முடிந்தேன். எதிரே ஜன்னல் கம்பியைப் பிடித்துச் சாய்ந்துகொண்டு தேன்மொழி பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஏழாம் வகுப்பு. காதில் தோடு ஆடுகிறது. இந்தச் சின்ன பல்புக்கு இத்தனை பயமா, இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்த்ததே இல்லை என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். அதைச் சொல்ல அவள் இருக்கிறாள்.