அண்ணன் திருப்பிவிட்ட தண்ணீர்

பாலசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். தோட்டத்துக்குச் சற்று மேலே, மலைச்சாலை ஓரத்தில் ஒரு பெரிய விடுதி. அங்கே மேற்பார்வை வேலையில் இருந்தார் என் அண்ணன். மழை பொய்த்து வெங்காயம் காய்ந்த வருஷம், விடுதிக் கழிவுநீரைக் குழாய் போட்டு எங்கள் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார்.

"குளிக்கிற, தொவைக்கிற தண்ணிதான். தொட்டியில தெளிஞ்சு வருது. உரங்கூடப் போட வேணாம்," என்றார். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்தவர். அவர் சொன்னதை மறுபடி யோசித்து எனக்குப் பழக்கமில்லை.

முதல் போகத்தில் கீரையும் வாழையும் தளதளவென்று எழுந்தன. அடுத்த வருஷம் பாத்திகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. மண் இறுகி, பாய்ச்சிய தண்ணீர் இறங்காமல் தேங்கியது. அதன்பின் கிணறும் கெட்டது. இறைத்தால் வாளியில் நுரை. பருப்பு வேகவில்லை. மகளுக்கு விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு.

"கோடையில கெணத்துத் தண்ணி அப்படித்தான்மா இருக்கும்," என்றார் அண்ணன். அதையும் நம்பினேன்.

மகள் இளைத்துக்கொண்டே போனதைப் பார்த்துப் பொறுக்காமல், ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அங்கே வேலையிலிருந்த அம்மா சர்வே எண்ணைக் கேட்டுப் பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்தக் கெணத்துத் தண்ணிய போன வருசமே ஒருத்தர் கொண்டாந்தாருங்களே. குடிக்கக் கூடாது, கழிவுத் தண்ணி பாய்ச்சுறதயும் நிறுத்துங்கன்னு எழுதிக் கொடுத்தோம். உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

பதிவேட்டில் இருந்தது அண்ணனின் கையெழுத்து. பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது: ஒரு வருஷமாக அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. வரும்போதே பாட்டிலோடு வருவார். டவுன் பழக்கம் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏண்ணே சொல்லல?"

அவர் நிமிரவில்லை. "சொன்னா நீ கொழாய அடச்சிருப்ப. தண்ணிய விட வேற எடமில்ல. மொதலாளி என்னையத்தான் வெளியேத்தியிருப்பாரு."

"எம்மக குடிச்சாளே."

"காய்ச்சித்தான குடிக்கிறீங்கன்னு..." என்று இழுத்தார். அண்ணி காபியோடு வந்தபோது நான் வாசல் படியிறங்கிவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே நானும் வீட்டுக்காரரும் குழாய் வாயைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தோம். அடுத்துச் செய்ததுதான் கடினம். எங்களுக்குக் கீழே பள்ளத்தில் தோட்டம் வைத்திருந்தவரின் கிணற்றுக்கும் எங்கள் தண்ணீர்தான் ஊறிப் போயிருக்கும். அவரிடம் போய்ச் சொன்னேன். "நீ பாச்சுனப்பவே நாத்தம் வந்துச்சு. நம்ம புள்ளதானன்னு விட்டேன்," என்றார். அவர் வசவாவது வைதிருக்கலாம்.

மண்ணின் உப்பு முறிய ஜிப்சம் போட்டோம். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். இரண்டு மழைக்குப் பிறகு ஒரு மூலையில் மட்டும் மண் பொலபொலப்பாக வருகிறது. கிணறு தெளியப் பல வருஷம் ஆகுமாம். குடிக்க ஊராட்சிக் குழாயில்தான் பிடிக்கிறோம். மகள் தேறிவிட்டாள்.

விடுதிக் கழிவுநீர் இப்போது லாரியில் போகிறது; அண்ணன் பயந்தபடி வேலை போகவில்லை, இன்னும் அந்த விடுதியில்தான் இருக்கிறார். நல்ல நாளுக்கும் நான் அவர் வீட்டுக்குப் போவதில்லை. போனில் அவர் பெயர் வந்தால் மட்டும், எடுக்கத்தான் இன்னும் கை போகிறது.