குசினியை இடித்தால்தான் மரபுரிமையாம்!

போன ஞாயிறு பூண்டுலோயாப் பக்கம், என் சித்தி மகள் செல்வராணி வீட்டுக்குப் போயிருந்தேன். போனது ஒரு வாய் சோறு சாப்பிட. திரும்பி வந்தது தலைவலியோடு!

அவள் இருப்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயம். கருங்கல் சுவர், தகரக் கூரை, ஒட்டி ஒட்டி வீடுகள். அதை இப்போது 'மரபுரிமை லயம்' ஆக்கப் போகிறார்களாம். டூரிஸ்ட்டுகள் வந்து பார்ப்பார்களாம். பார்க்கட்டும்... யார் வேண்டாம் என்றது?

நான் போன நேரம் கொழும்பிலிருந்து ஓர் இளம் ஆர்க்கிடெக்ட்டும் வந்திருந்தார். தமிழ்ப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. கல்லைத் தடவினார். கதவு நிலையைப் படம் பிடித்தார். "பியூட்டிஃபுல்" என்றார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பியூட்டிஃபுல் கூரை ஒழுகத் தொடங்கியது! செல்வராணி வாளியையும் சட்டியையும் வைத்துவிட்டு, எங்களைப் பின்பக்கக் குசினிக்குக் கூட்டிப்போனாள்.

அந்தக் குசினி அவளும் புருஷனும் சிறுகச் சிறுகக் கட்டியது. சிமெந்துக் கல், ஒழுகாத ஷீட், ஒரு ஜன்னல், புகை போக ஒரு வழி. அதற்கு முன் படுக்கிற காம்பராவிலேயேதான் அடுப்பு. புகையில் சின்னவளுக்கு இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார்கள். குசினி வந்த பிறகுதான் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது.

ஆர்க்கிடெக்ட் சூடாக டீ குடித்தார். குடித்துக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அக்கா, இந்தப் பகுதி ஒரிஜினல் இல்லையே. இத உடைச்சாத்தான் லயம் பழைய மாதிரி வரும்."

"அப்ப அடுப்ப எங்க தம்பி வைக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"முந்தி இருந்த இடத்துலதான். டூரிஸ்ட்டுக்கு அதுதானே விருப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்களே சொல்லுங்கள் — வெள்ளைக்காரன் நம்மை அடைத்து வைக்கக் கட்டியது வரலாறு. நாம் மூச்சுவிடக் கட்டியது இடைஞ்சலா? தோட்டத்துத் துரை இருந்த பங்களாவை ஹோட்டலாக்கி, அறைக்கு அறை சுடுதண்ணீர்க் குழாய் போட்டார்களே... அப்போது எந்த மகராசனாவது 'ஒரிஜினல் இல்லை' என்றானா?

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒடைக்கிறதுன்னா அந்த ஒழுகுற பக்கத்த ஒடைங்க தம்பி. இந்தச் செவுத்துல கைய வைக்க வுடமாட்டேன். எம்புள்ள மூச்சு வுடணும். மழைன்னதும் நீங்களே இங்கதானங்க ஓடி வந்தீங்க?"

மழை விடும்வரை தம்பி அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை!