மூன்றாவது மன்றாட்டு

கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு சிறுவர் பூசை நடக்கும். பாட்டு, வாசகம், காணிக்கை எல்லாம் பிள்ளைகளின் பொறுப்பு. எனக்கு ஒன்பது வயதானபோது, பிரசங்கத்துக்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசிக்கும் செபங்களில் மூன்றாவது மன்றாட்டு கிடைத்தது. மூன்றே வரி. ஒரு கிழமையாக வீட்டில் எல்லாரையும் மறித்து வைத்து வாசித்துக் காட்டினேன்.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் ஒரே மாதிரிக் கத்துவான். பூசையன்று அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவனை விட்டுவர ஆளில்லாமல் அம்மா கூட்டிவந்து நடு வரிசை வாங்கில் அமர்ந்திருந்தார். நான் முன் வாங்கில், மன்றாட்டுப் பிள்ளைகளோடு.

ஃபாதர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் தம்பி கத்தினான். தலைகள் திரும்பின. நான் திரும்பவில்லை. கடதாசியை இறுக்கிப் பிடித்தேன்.

"பிள்ளையை வெளியில கொண்டு போங்கோவன்," என்று பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது.

அடுத்து, ஓடிவரும் காலடிச் சத்தம். தம்பி எங்களைத் தாண்டிப் பீடத்தில் ஏறி, எரிந்துகொண்டிருந்த பெரிய மெழுகுதிரியின் தண்டைக் கட்டிப்பிடித்தான். தண்டு சாய்ந்தது. யாரோ போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். ஃபாதர் பாய்ந்து வந்து ஒரு கையால் தண்டையும் மறு கையால் அவனையும் பிடித்தார். உருகிய மெழுகு அவர் கையில் வழிந்தது.

பக்கத்தில் இருந்த மறைக்கல்வி டீச்சர் என்னிடம் குனிந்தார். "யாருட பிள்ளை இது? தெரியுமோ?"

"தெரியாது டீச்சர்."

நிமிர்ந்தபோது அம்மா என் வாங்குக்குப் பக்கத்தில் நின்றார். தம்பியைப் பிடிக்க ஓடிவந்தவர். என்னைப் பார்க்காமல் மேலே ஏறி அவனைத் தூக்கினார்.

"இருக்கட்டும் அம்மா. இந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே பூசை," என்றார் ஃபாதர்.

அம்மா தலையாட்டினார். ஆனால் நிற்கவில்லை. கத்திக்கொண்டிருந்தவனைத் தோளில் போட்டபடி நடுவழியால் வெளியே போனார்.

என் முறை வந்ததும் வாசித்தேன். ஓரிடத்திலும் பிசகவில்லை. 'உலகத்திலுள்ள எல்லாக் குழந்தைகளுக்காகவும்' என்று தொடங்கும் மன்றாட்டு அது.

பூசை முடிந்து வந்தபோது அம்மா வாசலில் நின்றார். "நல்லா வாசிச்சனீ. ஸ்பீக்கரில கேட்டது," என்றார். டீச்சரிடம் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை அம்மா என் தலையை இழுத்துப் பின்னிவிட்டார். "நீ டீச்சரோட முன்னுக்கு இரு. நானும் தம்பியும் பின்னேரப் பூசைக்குப் போறம்."

அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். பின்னேரம் கூட்டம் குறைவு, தம்பிக்காகத்தான் அம்மா அப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பல வருஷம் முன் வாங்கில் நிம்மதியாக இருந்தேன்.