மூக்கம்மாவின் மூன்று விரலுக்கு ஒரு பிடி

இன்று சோலூரில் ரேச்சல் அக்காவைச் சந்தித்தேன்! டீ ஃபேக்டரியில் இலையை உலர்த்தும் டிரையர் ஓட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னால், பெயிண்ட் டிரம்மில் தானே செய்த உலையில் அலுமினியம் உருக்குகிறவர். உடனே சொல்லியாக வேண்டும்.

அவருடைய பக்கத்து வீட்டு மூக்கம்மா எஸ்டேட்டில் இலை எடுப்பவர். விறகு பிளக்கும்போது வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அதிலிருந்து இலை வெட்டும் கத்திரி கையில் நிற்கவில்லை.

"பதினஞ்சு நாள் பாக்கறேன். அப்பவும் கத்திரி புடிக்க முடியலீன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றுவிட்டார் எஸ்டேட் மேஸ்திரி.

மிச்சமிருக்கும் மூன்று விரலுக்கு அடங்குகிற கத்திரிப் பிடி ஒன்றை வார்த்துவிட்டால்? ரேச்சல் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு டிரம்முக்குள் வெப்பம் தாங்கும் வெள்ளைக் கம்பளியைச் சுற்றினார். அதன்மேல் தீக்களிமண் குழம்பைக் கனமாகப் பூசினார். ஒரு நாள் வெயிலில் காயவைக்கச் சொன்னது, அவர் பார்த்துக் கற்ற வீடியோ. ஜூலை மாதச் சோலூரில் வெயிலுக்கு எங்கே போவது? இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த மாதிரிதான் இருந்தது. கரியைக் கொட்டிக் காற்றாடியை ஓட்டினார்.

டப், டப்! பூச்சு சில்லு சில்லாகத் தெறித்தது. டிரம்தான் சிவந்தது. உருக்குவதற்காக உள்ளே போட்ட பழைய அலுமினியப் பிஸ்டன் உருகவேயில்லை.

"ஏம்புள்ள, எனக்குப் பிடி செய்யறயா, சோளப்பொரி பொரிக்கறயா?" என்று மூக்கம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் ரேச்சல் டிரையரில் ஒரு பிடி இலையை நசுக்கிப் பார்த்தார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம். ஈரத்தோடு வந்த இலைக்கு எடுத்தவுடன் கடும் சூடு கொடுத்தால் இப்படித்தான் ஆகும். மற்றவர்களைத் தினமும் திட்டுகிற அதே தப்பை வீட்டில் உலைப் பூச்சுக்குத் தானே செய்திருக்கிறார்!

ஃபேக்டரியில் டீத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் ராஜரத்தினத்திடம் ஓடினார். "ஏனுங்க சார், டிரையர் அடுப்பறைச் சுவத்துக்கு வெளிய என்ற டிரம்மை வெச்சுக்கட்டுங்களா?"

"இலைப் பக்கம் மட்டும் கொண்டாந்துறாத. டீயில மண்ணு வாசம் அடிச்சா உன்னையத்தான் கேப்பேன்."

வெதுவெதுப்பான அந்தச் சுவரோரம் மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள். பிறகு வீட்டில் ஒரு மாலை முழுக்க நாலே நாலு கரித்துண்டின் இளஞ்சூடு. கெடு முடிவதற்கு முந்தைய ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் முழு நெருப்பு.

ஒரு சத்தமும் இல்லை. உள்ளே அலுமினியம் வெள்ளித் தண்ணீராகத் தளும்பியது. பிசைந்த மாவை மூக்கம்மா இறுகப் பிடித்த வடிவத்தைப் பார்த்து மரத்தில் அச்சு செதுக்கி, மணலில் பதித்து வைத்திருந்தார். அந்தக் குழியில் ஊற்றினார்.

ஆறியதும் பிடியைக் கத்திரியில் முடுக்கினார். மூக்கம்மா வேலியோரத் தேயிலையில் வைத்து வெட்டினார். சரக், சரக்.

"என்னக்கா, நழுவுதா?"

"நழுவறதா? இது என்ற கையை உடமாட்டேங்குது புள்ள!"

மறுநாள் காலை மேஸ்திரி அந்தப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மூக்கம்மாவின் பழைய தேயிலை வரிசையைக் கையால் காட்டினார்.

கத்திரியோ அரிவாளோ பிடிக்க முடியாமல் தவிக்கும் யாரையாவது தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். கூட்டிக்கொண்டு சோலூருக்கே போங்கள். ரேச்சல் அக்கா மாவு பிசைந்து வைத்திருப்பார்.