கடை வாடகைக்கு, தரை நீங்கலாக

எழுபதுகளின் நடுவில் திருவள்ளூர் பஜாரில் தையல் கடை போட இடம் தேடி அலைந்தேன். பொம்பளை தனியாகக் கடை வைக்கவா என்று கேட்டே பாதிப் பேர் அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேர் சொன்ன அட்வான்ஸைக் கேட்டு நானே கிளம்பிவிட்டேன். என் கணவர் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். விடியற்காலை பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு திரும்புவார். அலைவதும் பேரம் பேசுவதும் என் தலையில்தான்.

கடைசியில் ஒரு பாய் சம்மதித்தார். பழவேற்காட்டிலிருந்து வந்து குடியேறிய வியாபாரக் குடும்பம். பாத்திரக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவில், இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற மாதிரி ஒரு நீளமான இடம். அதில் பல வருஷம் தகரப் பெட்டிப் பட்டறை நடத்தியிருக்கிறார். தகரம் தட்டின ஆட்களெல்லாம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் மூடிவிட்டாராம். அவர் சொன்ன வாடகையைக் கேட்டு, காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"அவ்ளோதாம்மா. ஒரே ஒரு கண்டிசன். மத்தியானம் தொழுதுட்டு வந்து கொஞ்ச நேரம் இங்க படுப்பேன். உனக்குத் தொந்தரவு இருக்காது. செவுத்தப் பாத்துக்கினு படுத்துடுவேன்."

"கடையில கட்டில் போட எடம் ஏது பாய்?"

"கட்டில் எதுக்கு? தரை போதும்."

பத்திரம் எழுதுகிறவர் அதை அப்படியே எழுதினார். மேற்படி கடையின் மேற்படி தரையில் மேற்படியார் பிற்பகலில் படுத்து இளைப்பாறப் பாத்தியதை உண்டு, அதை வாடகைதாரர் ஆட்சேபிக்கக் கூடாது. என் கணவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "தரை இல்லாம கடையைப் புடிச்சிருக்கே" என்றார்.

முதல் நாள் பாய் வந்தார். துண்டை உதறி விரித்தார், இன்னொரு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார், சுவரைப் பார்த்துப் படுத்தார். பெரிய மனுஷர் தூங்குகிறாரே என்று மிஷினை மிதிப்பதை நிறுத்தினேன். சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பாய். சத்தம் போட்டா உங்களுக்கு..."

"ஐயோ, ஓட்டும்மா! பட்டறைல தகரம் தட்டச் சொல்லோ தூங்கிப் பழகினவன். சத்தம் நின்னுச்சுன்னா பக்குனு ஆயிடுது."

மிதித்தேன். உடனே குறட்டை வந்தது. நூல் மாற்ற நிறுத்தினேன். எழுந்துவிட்டார்.

துணி வெட்ட வேண்டும், பட்டன் தைக்க வேண்டும். இதில் எதற்கும் மிஷின் ஓடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, அளவெடுப்பது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் வீட்டு வேலையெல்லாம் முடித்து மத்தியானம்தான் வருவார்கள். பழைய புடவையால் மறைப்புக் கட்டியிருந்தேன். இருந்தாலும் முதலில் வந்த காய்கறிக்கார அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, ஆம்பள படுத்துக்கினு கீறாரு?"

"தூங்குறாருக்கா. எழுந்துக்க மாட்டாரு."

"நீ எப்டி சொல்ற?"

"மிஷின் ஓடுற வரைக்கும் எழுந்துக்க மாட்டாரு."

"நீ அளவெடுத்தா மிஷின யார் ஓட்டுவா?"

அந்தக் கேள்விக்கு அவரே பதில் கண்டுபிடித்தார். தன்னோடு வந்த ஓரகத்தியை மிஷினில் உட்கார வைத்தார். நான் ஊசியைக் கழற்றிவிட்டேன். துணியும் இல்லாமல் நூலும் இல்லாமல் அந்த அம்மா கடகடவென்று மிதிக்க, மறைப்புக்குப் பின்னால் நான் அளவெடுத்தேன். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். பாய் அசையவேயில்லை.

சீக்கிரத்தில் அதுவே கடையின் வழக்கமாகிவிட்டது. அளவு கொடுக்க வருகிறவர்கள் மிதிக்க ஒரு ஆளையும் கூட்டி வருவார்கள். தனியாக வந்தவர் அடுத்த ஆள் வரும்வரை காத்திருப்பார். ஒரு டீச்சரம்மா மிதித்துக்கொண்டே பரீட்சைப் பேப்பர் திருத்துவார். மிஷின் சத்தத்தில் பேசுவது வெளியே கேட்காது என்று தெரிந்ததும், எதுவும் தைக்க வேண்டாதவர்கள்கூட வர ஆரம்பித்தார்கள். மாமியார், நாத்தனார், சீட்டு பிடிக்கிறவள், எல்லாருடைய கதையும் தூங்குகிற மனிதருக்கு மேலே போய்வந்துகொண்டிருந்தது. பாத்திரக் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "ராவும் பகலும் மிஷின் ஓடுது, சட்டை ஒண்ணும் வெளிய வரக் காணோமே" என்று கேட்டார்.

ரம்ஜானுக்கு முன்னால் ஒரு மத்தியானம், வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு அம்மா துணிப்பையோடு உள்ளே வந்தார். காய்கறிக்கார அம்மா மிதித்துக்கொண்டிருந்தார். வந்தவர் தரையைப் பார்த்தார்.

"யாரும்மா அது?"

கடைச் சொந்தக்காரர் என்று நான் சொல்ல வாயெடுத்த நேரம், மிஷினின் தோல் பெல்ட் அறுந்து விழுந்தது. சத்தம் நின்றது. துண்டுக்கு உள்ளேயிருந்து, "ஏம்மா நிறுத்திட்ட?" என்று குரல் வந்தது.

வந்த அம்மாவின் கையிலிருந்து பை நழுவியது. "நீங்களா?" என்றார். அவர் பாயின் மனைவி.

பாய் எழுந்து உட்கார்ந்தார். தொப்பியைத் தேடினார். அது என் துணிகளுக்குள் எங்கோ போயிருந்தது.

"கூட்டாளி கடைல கணக்கு பாக்குறேன்னு சொல்லிட்டுப் போறீங்க, இங்க வந்து படுத்துக்கினு இருக்கீங்க! நீங்க தூங்கணும்னு அம்மியக் கொல்லைக்குத் தள்ளினேன். சேவல வித்தேன். மருமவளுங்க கொலுசு போடக் கூடாதுன்னேன். ஊடே மூச்சு விடாம கெடக்குது. அந்த ஊட்ல தூக்கம் வரலியா?"

"அதான் வரல" என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு. "அம்மாம் அமைதில காதுக்குள்ள இன்னாவோ கொய்யுனு கத்துது."

"வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"நீ எனக்காவ அவ்ளோ பாடுபடுற. எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?"

காய்கறிக்கார அம்மா குனிந்து பெல்ட்டை முடிச்சுப் போட்டு மாட்டினார். பாயின் மனைவி அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு மிஷினில் தானே உட்கார்ந்து மிதித்தார். "படுங்க" என்றார். பாய் தயங்கித் தயங்கிப் படுத்தார். குறட்டை கேட்டதும் அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, சிரிக்கப் போகிறாரா அழப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் மிதித்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த அம்மாவே பாயைப் பத்திரம் எழுதுகிறவரிடம் இழுத்துப் போய், நாலு பொம்பளைங்க வந்து போகிற இடத்தில் இது மரியாதையில்லை என்று தரைப் பாத்தியதையை அடித்து எழுத வைத்தார். அம்மி கொல்லையிலிருந்து உள்ளே வந்தது. மருமகள்கள் கொலுசு போட்டுக்கொண்டார்கள்.

என் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. பாய் இல்லை என்றதும் மிதிக்க ஆள் தேவையில்லை, மிதிக்க வருகிறவர்கள் இல்லையென்றால் கதையும் இல்லை. "சப்புனு போச்சும்மா" என்றார் காய்கறிக்கார அம்மா.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் பாய் வாசலில் வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"ஊட்டுச் சத்தம் வேற மாதிரிம்மா. ஏதாவது விழுந்தா இன்னா ஒடஞ்சுதுன்னு காது கேக்குது. புள்ள அழுதா ஏன் அழுதுன்னு கேக்குது. ஒரே பேஜாரு."

"உள்ள வந்து படுங்க பாய்."

"அது எப்டி? எழுத்துல விட்டுக் குடுத்துட்டேன். இப்போ தரை உன்னுது. வாடகைக்குக் குடு."

நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மறுபடி பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். கடைக்கு நான் பாய்க்கு வாடகை தர வேண்டும், மத்தியானத் தரைக்குப் பாய் எனக்கு உள்வாடகை தர வேண்டும் என்று கேட்டதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்துதான் எழுதினார்.

பாயின் மனைவிக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அன்று மத்தியானம் பாய்க்குப் பின்னாலேயே அவரும் வந்தார். "பொஞ்சாதி நான் கூட இருந்தா மரியாதைக்கு இன்னா கொறச்சல்? மிதிக்கிறதுதான் மிதிக்கிறேன், ஒரு துணியக் குடு" என்று மிஷினில் உட்கார்ந்தார். ஊசியை மாட்டி, உள்பாவாடைக்கு வெட்டி வைத்திருந்த துணியைக் கொடுத்தேன். அவர் முதலில் தைத்ததில் இடுப்புக் கயிறு நுழைய வழியே இல்லை. அதைப் பிரிக்க உட்கார்ந்தபோது சத்தம் நின்று பாய் எழுந்துவிட்டார். "தூங்குங்க, தூங்குங்க" என்று அந்த அம்மா அவசர அவசரமாக வெறும் மிஷினை மிதித்தார்.