நான் அடித்த தேதி

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரை கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில் இருந்த ஒரு டைப்பிங் கடையில் நான் வேலை பார்த்தேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்திருந்த திமிர் எனக்கு நிறையவே உண்டு. மனு கொடுக்க வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அடித்து முடித்துவிடுவேன் என்று கடைக்கார அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். நானும் அதைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போலத் தலையைக் குனிந்துகொள்வேன். அந்த வேகம் ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதை இத்தனை வருஷமாக அப்போதே தெரிந்தவர்களையும் என் கணவரையும் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஆனி மாதம் அந்த வீட்டு அக்கா கடைக்கு வந்தார். மதுரையை ஒட்டிய பரவை ஊர்க்காரர். கூடவே பசுமலையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். உறவும் கிடையாது, முன்பின் பழக்கமும் கிடையாது. அவர்களைச் சேர்த்து வைத்தது ஒரு விமானம். அக்காவின் கணவர் விமானப் படையில் மெக்கானிக். வாத்தியாரின் ஒரே மகனும் அதே படைதான். முந்தின கார்த்திகையில், வடக்கே மலைப்பக்கம் போன ராணுவ விமானம் ஒன்று இவர்கள் இரண்டு பேரையும் இன்னும் பலரையும் ஏற்றிக்கொண்டு போனது, திரும்பவே இல்லை. ஒரு துண்டுத் தகரம்கூடக் கிடைக்கவில்லை. காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது என்று தந்தி வந்ததோடு சரி.

வாத்தியார் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகக் கடிதம் போட்டு, அதே விமானத்தில் பிள்ளையையோ புருஷனையோ பறிகொடுத்த ஏழு குடும்பங்களைத் தேடிப் பிடித்திருந்தார். எல்லோரும் சேர்ந்து டெல்லிக்கு மனு மேல் மனு போட்டார்கள். விசாரணை அறிக்கையைக் காட்டுங்கள். அந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டது யார், சொல்லுங்கள். அதே ரக விமானங்களைச் சோதித்துப் பார்க்காமல் இன்னும் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கேட்டது இவ்வளவுதான். பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி பதில் வரும். சில சமயம் அதுவும் வராது.

இந்த முறை அவர்கள் கையில் ஒரு சாட்சி இருந்தது. நீல நிற இன்லண்ட் லெட்டர். தந்தி வந்த ஒன்பதாம் நாள், செத்துப் போனார் என்று ஊரே அழுது முடித்த வீட்டுக்கு, தபால்காரர் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போன லெட்டர். அக்கா அதைப் பிரித்து, பக்கத்து வீட்டில் கொடுத்து மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர் கணவருக்கு லெட்டரில் தேதி போடும் பழக்கம் கிடையாது. ஆனால் மேலே தபால் முத்திரை தெளிவாக இருந்தது. விமானம் போனதற்கு இரண்டு நாள் முந்தின தேதி.

அதில் இப்படி எழுதியிருந்தார். "இந்த வண்டியில இடது பக்கம் ஒரு விசில் சத்தம் கேக்குது. ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டேன். பாக்காமலே பாத்தாச்சுன்னு கையெழுத்தப் போட்டுப் பறக்க விடுறாங்க. நீ பயப்படாத, நான் நல்லா இருக்கேன். இன்னையிலருந்து பத்தாம் நாளு பரவை ஸ்டாப்புல வந்து எறங்குவேன்னு அப்பாகிட்டச் சொல்லு."

அப்பா என்றால் அக்காவின் மாமனார். அவர் தந்தியை நம்பவில்லை, லெட்டரைத்தான் நம்பினார். உயிரோடு இருக்கிறவன்தானே எழுத முடியும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? முத்திரையைக் காட்டி, தேதியை விளக்கி, வாத்தியார் பல தடவை போய்ப் பேசி, ஏழு மாதத்துக்குப் பிறகுதான் மனுஷர் ஒருவழியாக மனம் இறங்கி வந்திருந்தார். வருகிற ஆடி அமாவாசையன்று வைகைக் கரையில் கருமாதி செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். அதுவரை அக்கா கழுத்தில் தாலி இருந்தது, ஆனால் ஒரு கல்யாண வீட்டுக்கும் போக முடியவில்லை. சுமங்கலி என்று யாரும் கூப்பிடுவதில்லை, இல்லை என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. கருமாதி முடிந்தால் அழுதாவது தீர்த்துவிடலாம் என்று அக்கா சொன்னார்.

ஜெராக்ஸ் மெஷின் அப்போதெல்லாம் எங்கள் பக்கம் அபூர்வம். அசல் லெட்டரை டெல்லிக்கு அனுப்பினால் போன வழி தெரியாது. அதனால் டைப் அடித்து நகல் எடுக்க வேண்டும். அடியில் 'உண்மை நகல், அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்று அடித்து, சரிபார்த்தவர் இனிஷியல் போட வேண்டும். பிறகு கெஜட்டட் அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்திட்டு வட்ட சீல் வைத்தால்தான் அது செல்லும்.

நான் அடிக்க உட்கார்ந்தபோது நடுப்பகல். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. கடைக்கார அண்ணனும் வாத்தியாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். புதுக் கார்பன் போட்டு ஐந்து தாளைச் சொருகினேன். அக்கா எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில்தான் கவனித்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. லெட்டர் என் பக்கம் இருக்கிறது, அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் நான் ஒவ்வொரு சொல்லையும் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவர் வாய் அதைச் சொல்லிவிடுகிறது. நான் அவருக்குப் பின்னால் ஓடுகிற மாதிரி இருந்தது. 'நான் நல்லா இருக்கேன்' என்ற இடத்தில் என் விரல் தடுக்கியது. கடையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமே இல்லை, ஆனாலும் யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் அடிப்பதுபோல இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அடித்து முடித்ததும் அசலோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். நான் படிக்கவில்லை. என் வேகத்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை, அந்த லெட்டரின் மேல் அப்படி ஒரு பயம். ஐந்திலும் இனிஷியல் போட்டேன். எதிர்க் கட்டடத்து அதிகாரி டீ குடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் ஐந்திலும் பச்சை மையில் கையெழுத்திட்டார். நான்கு டெல்லிக்கும் மற்ற இடங்களுக்கும் ரிஜிஸ்டர் தபாலில் போயின. ஐந்தாவது, வீட்டில் வைத்துக்கொள்ள அக்காவிடம் போனது. அந்தக் கார்பனில் வேறு எதையும் அடிக்க எனக்கு மனம் வரவில்லை, டிராயரில் தள்ளி வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் காலையில் கடையைத் திறந்ததும் அக்கா வந்து நின்றார். கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த நகலை மேஜையில் விரித்தார்.

"தங்கச்சி, மேல இருக்கே, இந்தத் தேதி யாரு போட்டது?"

வலது மூலையில் நான் டைப் அடித்த அன்றைய தேதி இருந்தது. தாளைச் சொருகியதும் முதலில் வலது மூலையில் தேதி, அப்புறம்தான் எழுத்து. எங்கள் கடையின் முதல் பாடம் அது. கை தானாகவே அடித்திருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன் காணாமல் போனவர் இந்த ஆனி மாதத்தில் எழுதிய லெட்டராக ஆக்கிவிட்டேன், அதற்கு சர்க்கார் சீலும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா நடந்ததைச் சொன்னார். நகல் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனாரிடம் ஒரு மாற்றம். தினமும் மகனுடைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்தாராம். வாய்விட்டுப் பேசினாராம். கத்தரிக்காய்க் குழம்பு வை, நிறைய வை என்றாராம். கருமாதிக்குச் சம்மதித்த பிறகு மனசு ஆறிவிட்டது என்று அக்கா நினைத்திருக்கிறார். இன்று விடியும்போது எழுந்து, முகம் மழித்து, வெளுத்த வேட்டி கட்டி, மகனின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாராம். தலையணைக்கு அடியில் இந்த நகல் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. தேதி இருந்த இடம் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. நான் போட்ட தேதியிலிருந்து அன்றுதான் பத்தாம் நாள்.

மற்ற நான்கிலாவது இல்லாமல் இருக்கட்டும் என்று டிராயரிலிருந்து கார்பனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்புக்குள் வெள்ளையாக அத்தனை எழுத்தும் தெரிந்தது. நான் நல்லா இருக்கேன். பத்தாம் நாளு. மேலே, மூலையில், தேதி. ஒரு சந்தேகமும் மிச்சமில்லை.

கடைக்கார அண்ணனிடம் சொல்லிவிட்டு அக்காவோடு பஸ் ஏறினேன். பரவை வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஸ்டாப்பில் அவர் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். இரண்டு செருப்பையும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். எங்கள் பஸ் நின்றதும் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்திலும் அவர் பார்வை பட்டது. பட்டதே தவிர நிற்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோல என்னைத் தாண்டிப் பார்த்தார். நான் என்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்த சீட் காலியாக இருந்தது.

இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன். நான்தான் டைப் அடித்தவள், தேதி என் தப்பு, பழைய லெட்டர்தான் அது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சர்க்காரு சீலு வச்சுக் குடுத்துருக்கும்மா" என்று எனக்கே ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார். திண்டுக்கல் பக்கமிருந்து இன்னொரு பஸ் வந்தது. அதன் ஜன்னல்களையும் பார்த்து முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அக்கா கையிலிருந்த நகலை வாங்கி, அடியில் இருந்த என் இனிஷியலில் விரலை வைத்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுங்கய்யா."

"சரிபாத்தேன்னு போட்டிருக்கியே. பாக்கலையா?"

"பாக்கலைங்கய்யா."

"பாக்காமலேதான் பாத்தேன்னு போட்டியா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. நகலைத் தூரமாகப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். விசில் சத்தம் என்ற இடத்தைத் தாண்டியதும் வாசிப்பு நின்றது. 'பாக்காமலே பாத்தாச்சுன்னு' என்ற வரியில் விரலை வைத்தார்.

"இதத்தான எழுதிருக்கான் எம்புள்ள" என்றார்.

அவ்வளவுதான். தந்தியும் முத்திரையும் வாத்தியாரும் ஏழு மாதமாகப் புரியவைக்க முடியாதது அந்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. மகன் எப்படிச் செத்தான் என்று என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். செருப்பை மருமகளிடம் கொடுத்துவிட்டு, பின்னால் வந்த பஸ்ஸைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தார். நான் அங்கேயே நின்றேன். அவரைக் கொன்ற மாதிரி இருந்தது எனக்கு.

ஆடி அமாவாசையன்று வைகைக் கரையில் கருமாதி நடந்தது. உடம்பு இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி செய்து அதற்கு எல்லாம் செய்தார்கள். அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். புல் எரிந்துகொண்டிருந்தபோது மேலே எங்கோ விமானச் சத்தம் கேட்டது. கரையில் இருந்த எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தம் தேய்ந்து மறையும் வரை ஐயர்கூட மந்திரத்தை நிறுத்தியிருந்தார்.

டெல்லிக்கும் திருத்தம் போனது. நான் செய்த தவறு, எப்படிச் செய்தேன், ஏன் சரிபார்க்கவில்லை என்று எல்லாவற்றையும் நானே டைப் அடித்து, முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. கடைக்கார அண்ணன் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அன்றிலிருந்து என் வேகத்தைப் பற்றியும் யாரிடமும் சொல்லவில்லை. வாத்தியார் என் கடிதத்தை மனுவோடு இணைத்து, மேலே இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதினார். மதுரையில் ஒரு டைப்பிஸ்ட் பெண், தான் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்திட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களிடமும் நாங்கள் கேட்பது இதே மாதிரி ஒரு தாள்தான், வேறொன்றும் இல்லை என்பது அதன் பொருள். அந்தப் பத்தியையும் நான்தான் அடித்தேன். அடித்துவிட்டு மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அந்த மனுவுக்குப் பதிலே வரவில்லை. மறு வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் ஏழு குடும்பங்களும் மனுப் போட்டார்கள், எல்லாவற்றையும் நானே அடித்தேன். வாத்தியார் காலமான பிறகு அக்கா தனியாக வந்தார். நான் சர்க்கார் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்வரை வந்துகொண்டுதான் இருந்தார். அவர்கள் கேட்ட அந்த ஒரு தாள் கடைசிவரை வரவே இல்லை.

பிறகு முப்பது வருஷம் ஆபீஸில் எத்தனையோ தாள்களில் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பேனாவைத் திறந்ததும், மார்போடு இரண்டு செருப்பை அணைத்துக்கொண்டு ஒருவர் என் முகத்தைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்ப்பார், நானும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தாளை முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பேன்.