செவிடபாடியில் பிறந்தவள்

காலை ஆறரைக்குக் கல்லாவியில் பஸ் ஏறினேன். மறுநாள் என் பெண்டாட்டி கௌரம்மாவுக்கு வருஷ திதி. ஓசூரில் பிறந்து கன்னடம் பேசி வளர்ந்தவள். "செத்தா என்னை இங்கயே வைங்க" என்று ஓசூர் ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் கேட்டேனா? என் ஊரான கல்லாவிக்குக் கொண்டுபோய்ப் புதைத்தேன். ஓசூர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் எங்களுக்கு அதுதான் வழக்கம். பிழைப்பது அங்கே, செத்தால் வேனில் ஏற்றிச் சொந்த ஊருக்கு. சமாதிக்கான கல்லும் கிருஷ்ணகிரியில் தயாராகிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறினேன். அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர். சூளகிரியில் ஏறிய தக்காளி வியாபாரி, "ஓசூர் சொந்த ஊருங்களா?" என்றார்.

"இல்லீங்க, பொழைக்கப் போனதுதான்."

"அங்க யாருக்குங்க சொந்தம்? பேரே புது ஊரு. கன்னடத்துல ஹொச ஊரு, எங்க தெலுங்குல கொத்த ஊரு."

இதையேதான் நானும் அவளிடம் சொல்வேன். "புது ஊர்ல ஏதுடி பூர்வீகம்?" என்பேன். "மலைக்கோயில் கல்லுல பழைய பேர் இருக்குது, ஒருநாள் வாங்க காட்டுறேன்" என்பாள். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவளுக்கு மதிய ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் தூங்கிவிடுவேன். அந்த ஒருநாள் வரவே இல்லை.

அவள் சொன்ன கல்லைப் பார்க்க, பத்தேகாலுக்கு ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலை ஏறினேன். அடிவாரத்தில் முப்பது ரூபாய்க்கு ஒரு முழம் மல்லி வாங்கினேன். கல்வெட்டு எழுத்துகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய பேரைக் கேட்டேன். அவர் ஒரு வரியில் விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"செவிடபாடி. சோழர் காலத்துல இதாங்க இந்த ஊரு பேரு."

"அர்த்தம் என்னங்க?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்கு நிச்சயமாத் தெரியலீங்க."

"அப்புறம் ஏன் புது ஊர்னாங்க?"

"புதுசா வந்தவங்க யாராவது வெச்சிருப்பாங்க."

என்னைச் சொன்னது போலிருந்தது. கீழே கம்பெனிக் கூரைகள் வெயிலில் கிடந்தன. பூவை அந்தக் கல்லின் அடியில் வைத்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

பிறகு கிருஷ்ணகிரியில் சமாதிக் கல் வெட்டுபவருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அவ ஊரு கல்லாவின்னு போடச் சொன்னேனே, ஓசூர்னு மாத்து."

"வெட்டியாச்சுங்களே அண்ணா!"

"வேற கல்லு எடுப்பா," என்றேன். "அவளைத்தான் எடுத்து மாத்த முடியாது."